கயிற்றில் கை வைத்தவர்கள்

அன்று என் கராஜில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டோனல். அயர்லாந்துக்காரன். தானே பாட்டுக் கட்டித் தானே பாடுபவன். கிட்டார் பெட்டியின் மேல் இருந்தான்.

மரியதாஸ். மன்னார். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். ஈஸ்ட் டாமாக்கியில் பாண் போடும் பேக்கரியில் வேலை. எப்போதும் மா மணம்.

அவனுடைய மச்சான்மார் நாலு பேர். நாலு பேருக்கும் ஒரே மூக்கு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேரும் திரும்புவார்கள்.

தம்பிராசா அண்ணை. பருத்தித்துறைப் பக்கம். சைவக்காரர். திருநீறு பூசிக்கொண்டு வந்து எங்கள் மாதா படத்துக்குக் கீழே நின்றார்.

கணேசன். கோயம்புத்தூர்க்காரர். கம்ப்யூட்டர் வேலை. பக்கத்து வீடு. அவரை யாரும் கூப்பிடவில்லை. சத்தம் கேட்டு வந்தார்.

என் மகள் ஜெனி. இங்கிலீசைத் தமிழாக்கவும் தமிழை இங்கிலீசாக்கவும்.

என் மனைவி றீற்றா. குசினிக் கதவில் சாய்ந்து நின்றாள்.

நான்.

ஒக்லாந்தில், ரானுயியில், சனிக்கிழமை பின்னேரம். தகரத்தில் மழை. டோனல் கிட்டாரைத் தட்டி ஒரு வரி பாடினான். நாங்கள் ஏழு பேர் “ஏலேலோ” என்று பதில் சொல்ல வேண்டும். சொன்னோம். பூசையில் ஆமென் சொல்வது போல வந்தது.

“என்னடாப்பா இது, செத்தவீடு மாதிரிக் கிடக்கு” என்றான் மரியதாஸ்.

“செத்தவீட்டில இதைவிடச் சத்தம் வரும்” என்றார் தம்பிராசா அண்ணை.

என்ன சொல்கிறார்கள் என்று டோனல் ஜெனியைக் கேட்டான்.

“தே லைக் இட்” என்றாள் ஜெனி.

அவன் நம்பவில்லை.

ஒரு பாட்டு, ஒரு தரம்

போன கிழமை இந்தப் பத்தியில் முகாம் வாழ்க்கை பற்றி எழுதினேன். வாசித்த ஒருவர், அழுகை வந்தது என்று ஆசிரியருக்குச் சொன்னாராம். இந்தக் கிழமை அழ ஒன்றும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ஹென்டர்சனில் ஒரு மர யார்டில் வேலை செய்தேன். பலட் அடிப்பது வேலை. கடைச் சாமான் அடுக்குகிற மரத்தட்டு. பக்கத்து மேசையில் டோனல் அடித்தான். நகம் எல்லாம் நெரிந்திருக்கும். கிட்டார் வாசிக்கிற விரல் என்று எனக்குத் தெரியாது.

ஒரு நாள் யார்டு வானொலியில் ஒரு பாட்டுப் போனது. எல்லோரும் கேட்டுக்கொண்டு ஆணி அடித்தார்கள். இவன் மட்டும் எழுந்து போய் வானொலியை நிறுத்தினான். பாடியது அவன்தான் என்று பிறகு ஃபோர்மன் சொன்னார்.

தன் நாட்டில் இரண்டு இசைத்தட்டுப் போட்டவன். அந்தப் பாட்டை அங்கே பஸ் கண்டக்டரும் முணுமுணுப்பாராம். பிறகு கம்பெனிக்காரர் மின்சாரக் கிட்டாரும் பெரிய மேளமும் வைத்துப் பாடு என்றார்கள். மாட்டேன் என்றான். அவர்கள் சரி, போ என்றார்கள். ஒரு பெண்ணோடு ஒக்லாந்துக்கு வந்தான். கொஞ்சக் காலத்தில் அவளும் சரி, போ என்றாள்.

வெள்ளிக்கிழமைகளில் ஒரு பப்பில் பாடுவான். சனம் டிவியில் குதிரை ஓட்டம் பார்க்கும். எல்லாம் பழைய பாட்டு. இந்த நாட்டுக்கு வந்தபின் ஒரு புதுப் பாட்டும் அவனுக்கு வரவில்லை. வருசக் கணக்காக வரவில்லை.

பிறகு ஒன்று வந்தது. எப்படி என்று கீழே சொல்கிறேன்.

பழைய கம்பெனியில் ஒரு மனிதருக்கு இவன் மேல் இன்னும் நம்பிக்கை இருந்தது. சனத்துக்கு முன்னால் பாடிப் பதிந்த ஒரு புதுப் பாட்டை அனுப்பச் சொன்னார். பிடித்தால் மூன்றாவது தட்டு. ஹென்டர்சனில் அயர்லாந்துக்காரர் ஒரு பின்னேரக் கச்சேரி வைத்தார்கள். அன்றைக்கு ஒலிப்பதிவு செய்ய ஒரு பெண் சம்மதித்தாள். அவளுக்கு வேறு வேலை இருந்தது. ஒரு பாட்டு, ஒரு தரம். திருப்பிப் பாட நேரம் இல்லை.

“சரிவராவிட்டால் கிட்டாரை வித்துப்போட்டு பலட் மட்டும் அடிப்பேன்” என்றான்.

அவன் பகிடிக்காரன், எதையும் சிரிக்கச் சொல்பவன். அதை மட்டும் பகிடியாகச் சொல்லவில்லை.

மழையில் லொறி

குளிர்காலம். யார்டில் முழங்கால் சேறு. மரம் ஏற்றிய லொறி ஒன்று பின்சில்லு புதைந்து நின்றது. இழுக்கிற மெசினும் பழுது. ஃபோர்மன் இந்த மண்ணின் மாவோரி மனிதர். கயிறு கொண்டுவந்து கட்டினார். நாங்கள் ஒரு பத்துப் பேர் பிடித்தோம்.

ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தார்கள். லொறி அசையவில்லை.

நான் மன்னாரில் கரைவலை இழுத்தவன். தோணி கடலில் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும். இரண்டு நுனிக் கயிறும் கரையில் இருக்கும். கரையில் நின்று இழுக்க வேண்டும். மீன் சேருகிற பைக்கு மடி என்று பெயர். மடி கரைக்கு வர மணிக்கணக்காகும். அதற்குப் பாட்டு உண்டு. அம்பா என்போம். ஒருவன் தலைப்பாட்டு எடுப்பான். மற்றவர்கள் பதில் சொல்லி இழுப்பார்கள்.

இழுவை ஒன்றாக வராவிட்டால் எனக்குக் கோபம் வரும். அன்றும் வந்தது. வாய் திறந்துவிட்டது.

“வாடைக் காத்து வீசுதடா — ஏலேலோ
வலையும் நல்லாக் கனக்குதடா — ஏலேலோ”

மூன்றாம் வரியில் மற்றவர்களும் ஏலேலோ என்றார்கள். சமோவாக்காரன் ஒருவன் இரண்டாம் குரலே போட்டான். லொறி வெளியே வந்தது.

டோனல் கயிற்றை விட்டுவிட்டு மழையில் நின்றான். ஃபோர்மன் ஏசினார். அது அவன் காதில் ஏறவில்லை.

“அது என்ன?” என்று கேட்டான்.

“வேலைப் பாட்டு.”

“இன்னொரு தரம் பாடு.”

“லொறி வந்திட்டுதே. இனி என்னத்துக்கு?”

கடலை விட்டு வந்தபின் நான் அதைப் பாடியதில்லை. சோகம் ஒன்றும் இல்லை. இழுக்க ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை கண் சிவந்து வந்தான். பாட்டு வந்துவிட்டது என்றான். வரிகள் அவனுடைய இங்கிலீசு. நடை எங்கள் இழுவை. கடலுக்குள் இருந்து ஏதோ ஒன்றை இழுத்து வருகிறோம், என்னவென்று தெரியாது, கனக்கிறது, விடமாட்டோம். அதுதான் பாட்டு. பதில் சொல்ல ஆட்கள் வேண்டும் என்றான். ஏலேலோ என்பதை அவன் ஆட்கள் சொன்னால் குடிகாரர் பாட்டுப் போல வருகிறதாம்.

அப்படித்தான் என் கராஜுக்கு வந்தான்.

பக்கத்தில் நின்றவர்கள்

அவனுக்குச் சங்கீதம் எங்கிருந்து வந்தது என்று ஒரு ஸ்மோக்கோ நேரம் கேட்டேன். தேத்தண்ணி குடிக்கிற இடைவேளையை இங்கே அப்படிச் சொல்வார்கள். பெரிய பாட்டுக்காரர் பெயர் சொல்வான் என்று நினைத்தேன். ஒரு பெயரும் எனக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் கேட்டேன்.

முதலில் மாமன் ஒருவரைச் சொன்னான். மீன்பிடிகாரர். வாத்தியம் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்துப் பாடுவாராம். பக்கத்தில் இருப்பவர் அவருடைய கையைப் பிடித்து மெல்லச் சுழற்றிக்கொண்டே இருப்பாராம். அங்கே அது வழக்கம். டோனல் பத்து வயதில் அந்தக் கையைப் பிடித்தவன். மாமன் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்று கைவழியாகத் தெரியுமாம்.

அடுத்தது, கடலில் நின்ற கப்பலில் இருந்து ஒலிபரப்பிய ஒரு வானொலி. இரவில் அமெரிக்க மாட்டுக்காரர் பாட்டு வருமாம். பாதி இரைச்சல். விட்டுப்போன சொல்லை இவனே போட்டுக்கொள்வானாம். பாட்டுக் கட்டப் பழகியது அப்படித்தான் என்றான்.

பிறகு லண்டன். கட்டட வேலை. செங்கல் அடுக்குகிற ஜமேக்காக்காரர் ஒருவர் தேவாலயப் பாட்டுப் பாடுவாராம். அடி விழ வேண்டிய இடத்தில் அடிக்காமல், அடுத்த இடத்தில் கரண்டியால் தட்டுவாராம். கிட்டாரில் அவனுடைய வலது கை போடும் தாளம் அந்த மனிதரிடம் வாங்கியது.

பிறகு எங்கள் ஃபோர்மன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு உடைந்த கிட்டாரில் அவர் போடும் தாளம் ஒன்று உண்டு. ஒக்லாந்தில் எந்தக் கூட்டத்திலும் அது கேட்கும். இலகுவாகத் தெரியும். எனக்கு ஒரு வருசம் எடுத்தது என்றான் டோனல்.

கடைசியாக என்னைக் காட்டினான்.

“நானோ? நான் பாட்டுக்காரன் இல்லை” என்றேன்.

“இவர்களில் யார் பாட்டுக்காரர்?” என்றான்.

யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் வாத்தியார் இல்லை. எல்லோரும் கையால் வேலை செய்பவர்கள், அவனுக்குப் பக்கத்தில் நின்றவர்கள்.

எனக்கு நெஞ்சு கொஞ்சம் அகலமானது. வீட்டில் சொல்லவில்லை.

கைக்கு வேலை

கராஜுக்குத் திரும்புகிறேன்.

இரண்டாம் தரமும் பாடினோம். அதே ஆமென். டோனல் கிட்டாரைக் கீழே வைத்தான். முகம் விழுந்துவிட்டது. ஒலிப்பதிவுக்கு மூன்று கிழமை இருந்தது.

நான் மரியதாஸின் கையைப் பார்த்தேன். விரல் தானாக மூடி மூடித் திறந்தது. தம்பிராசா அண்ணைக்கும் அப்படித்தான். அவர் வேறு கடல், வேறு பாட்டு, வேறு சாமி. கை ஒன்று.

கராஜ் வாசலில் நின்ற என் வான் வண்டியில் இருந்து கயிற்றை எடுத்தேன். ஒரு நுனியை வானின் முன் கொக்கியில் கட்டினேன். மற்றதைத் தூக்கி அவர்களிடம் போட்டேன்.

“வானை இழுக்கிறதோ?” என்றான் மச்சான்களில் ஒருவன்.

“ஹேண்ட்பிரேக் போட்டிருக்கு. இழு.”

டோனல் தொடங்கினான். நாங்கள் கயிற்றைப் பிடித்துச் சாய்ந்தோம். ஏலேலோ என்று வந்தது பாருங்கள். கராஜ் தகரம் அதிர்ந்தது. அடுத்த வீட்டு நாய் குரைத்தது. கிட்டார் கேட்கவே இல்லை. டோனல் சிரித்துக்கொண்டு கத்திப் பாடினான்.

“வான் வருகுது! நிப்பாட்டுங்கோ, வான் வருகுதப்பா!” என்று றீற்றா கத்தினாள்.

ஹேண்ட்பிரேக் பழசு.

“டாட், தட்ஸ் இட்!” என்றாள் ஜெனி. அதை மாற்றிச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை.

மூன்று கிழமையும் பழகினோம். ஒவ்வொரு நாளும் றீற்றா “தேத்தண்ணி ஆறுது” என்பாள். கயிற்றைப் போட்டுவிட்டுக் குசினிக்குள் போவோம். பாட்டு அந்த இடத்தில் முடியும். இதை ஞாபகம் வைத்திருங்கள்.

கனமான கணேசன்

வானைக் கச்சேரி மண்டபத்துக்குள் கொண்டுபோக முடியாது. தூணில் கட்டலாம் என்றால் மண்டபக் காவலாளி பெயின்ட் போகும் என்றார். அசையாத தூணை இழுத்தால் பாட்டும் அசையாது. கனமான ஒன்று வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக வரவும் வேண்டும்.

எங்கள் கையால் அடித்த பலட் ஒன்றை எடுத்தோம். அதன் மேல் அரிசிச் சாக்கு அடுக்கினோம். அப்போதும் போதவில்லை.

கணேசன் தொண்டையைச் செருமினார். மூன்று கிழமையும் கதிரை போட்டு உட்கார்ந்து கேட்டவர்.

“எனக்குப் பாட வராதுங்க. கடலும் பழக்கமில்லை. ஆனா நூத்திப் பத்து கிலோ இருக்கேன்.”

“நீங்கள் அரிசிக்கு மேல இருக்கிறியளோ?” என்றார் தம்பிராசா அண்ணை.

“ஆமாங்க. இதுல என்ன வெக்கம்? ஒரு தலகாணி மட்டும் குடுங்க.”

மச்சான்மார் நாலு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவருக்குப் பெயர் வலை.

கரை

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மண்டபம் நிறைந்திருந்தது. அயர்லாந்துக்காரர், யார்டு ஆட்கள், ரானுயித் தமிழர். முன்வரிசையில் கைத்தடியோடு ஒரு வயதான கன்னியாஸ்திரி. மேடை உயரம் இல்லை. நாங்கள் ஏழு பேர் மேடையில். நடுவழியால் கயிறு போனது. கடைசியில், பழைய காப்பெட் துண்டுக்கு மேல் பலட். அரிசி. தலையணை. கணேசன். டை கட்டி வந்திருந்தார்.

ஒலிப்பதிவுப் பெண் விரலைத் தூக்கினாள். டோனல் தொடங்கினான்.

நன்றாகப் போனது. பலட் உரசி உரசி வந்தது. சனம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது. டோனலின் குரலுக்குக் கீழே எங்கள் குரல் படுத்துக் கிடந்தது. அவன் கழுத்து நரம்பு தெரிந்தது.

கடைசி வரி. கிட்டாரை ஓங்கித் தட்டி நிறுத்தினான். தலை குனிந்தான். சனம் கை தட்டத் தொடங்கியது.

நாங்கள் நிறுத்தவில்லை.

எங்கள் கரையில் ஒரு சட்டம். மடி மணலில் ஏறியதும் தலைப்பாட்டுக்காரன் “கரை!” என்று கத்துவான். அதுவரை ஒருவரும் கயிற்றை விடக் கூடாது. ஒருவன் விட்டால் வலை திரும்பிப் போகும், மற்றவன் கை கிழியும். கராஜில் கரை சொல்ல இடம் வரவில்லை. தேத்தண்ணி வந்துவிடும். டோனலுக்கு அந்தச் சொல்லே தெரியாது. கணேசன் இன்னும் நடுவழியில்தான் இருந்தார்.

ஏலேலோ. ஏலேலோ.

ஒலிப்பதிவுப் பெண் கழுத்தை அறுப்பது போலக் கை காட்டினாள். டோனல் திரும்பினான். முகத்தில் இரத்தம் இல்லை. ஒரு பாட்டு, ஒரு தரம். அது அவன் கண்ணுக்கு முன்னால் கெட்டுக்கொண்டிருந்தது.

“கரை சொல்லேல்லையடா, ஒருத்தரும் விடாதேங்கோ!” என்றார் தம்பிராசா அண்ணை.

ஆக, அவருடைய கடலிலும் அதே சட்டம்தான்.

நான் கரை சொல்லியிருக்கலாம். சொல்லக் கூடாது. தலைப்பாட்டு அவனுடையது. அவன் நிற்க நான் எடுத்தால் அவனைக் கீழே தள்ளுவது போல. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன்.

அப்போது அந்தக் கன்னியாஸ்திரி எழும்பினார். கைத்தடியைக் கதிரையில் வைத்தார். கயிற்றில் இரண்டு விரல் வைத்தார். இழுத்தாரா என்றால் சொல்ல முடியாது. வைத்தார். அவருக்குப் பின்னால் எங்கள் ஃபோர்மன் பிடித்தார். பிறகு ஒரு வரிசை. பிறகு அடுத்த வரிசை. காவலாளி “தரை போகுது, தரை போகுது” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். வந்தவர் தானும் பிடித்தார். எல்லோரும் ஏலேலோ. அயர்லாந்து வாயில் அது வேறு மாதிரி வந்தது. குடிகாரர் பாட்டுப் போல வரவில்லை.

டோனல் கிட்டாரைக் கழற்றி வைத்தான். எனக்கு முன்னால் வந்து கயிற்றைப் பிடித்தான். கண்ணை மூடினான். வாத்தியம் இல்லாமல் பாடினான். இங்கிலீசு இல்லை, அவர்களுடைய பழைய மொழி. எங்கே மூச்சு வாங்குகிறான் என்று எனக்குக் கயிற்றில் தெரிந்தது.

பலட் மேடையில் முட்டியது.

“வந்துட்டேங்க! நான் வந்துட்டேன்! போதும், நிறுத்துங்க!” என்று கத்தினார் கணேசன். டை முதுகுக்குப் போயிருந்தது.

“கரை எண்டு சொல்லு” என்றேன் டோனலின் காதில்.

“கரை!” என்றான்.

எல்லோரும் விட்டோம்.

கட்லட்

கரைவலையில் இன்னொரு சட்டமும் உண்டு. கயிற்றில் கை வைத்தவனுக்குப் பங்கு உண்டு. வழியால் போனவன் ஒரு இழுவை இழுத்தாலும் ஒரு கை மீன் கொடுக்க வேண்டும். அவன் யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை. தோணிக்கு ஒரு பங்கு. வலைக்கு ஒரு பங்கு.

றீற்றாவும் கடற்கரைப் பிள்ளை. எங்கள் ஆட்களுக்கு என்று மீன் கட்லட் பொரித்துக் கொண்டுவந்திருந்தாள். அதை ஒவ்வொன்றாகப் பாதியாக உடைத்தாள். கயிறு பிடித்த ஆட்களைத் தேடித் தேடிக் கையில் வைத்தாள். கயிறு பிடிக்காத ஒருவர் கை நீட்டினார்.

“நீங்கள் கைதட்டின ஆள். உங்களுக்கில்லை” என்றாள். தமிழில்தான். அவருக்கு விளங்கியது.

கன்னியாஸ்திரி இரண்டாவது கேட்டார். கொடுத்தாள்.

டோனல் மேடை ஓரத்தில் இருந்தான். பாட்டு பழுதாகிவிட்டது என்றான். அனுப்ப மாட்டேன் என்றான். ஒலிப்பதிவுப் பெண் டேப்பைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள்.

“இதை நீ அனுப்பாவிட்டால் நான் அனுப்புவேன்” என்றாள்.

அவளும் ஒரு கையால் கயிறு பிடித்தவள். அவளுக்கும் பாதி கட்லட்.

வலைக்கும் ஒன்று

பழைய கம்பெனி மனிதர் டேப்பைக் கேட்டுவிட்டு டோனலுக்குப் போன் எடுத்தார். கிட்டார் நிற்கிற இடத்தில்தான் பாட்டுத் தொடங்குகிறது என்றாராம். ஒன்றையும் வெட்ட வேண்டாம் என்றாராம்.

டோனல் போனான். யார்டில் ஃபோர்மன் தன் உடைந்த கிட்டாரில் அந்தத் தாளத்தைப் போட்டு வழியனுப்பினார். விமான நிலையத்துக்கு என் வானில் கூட்டிக்கொண்டு போனேன். ஹேண்ட்பிரேக் திருத்தியிருந்தேன்.

மூன்றாவது தட்டு வந்தது. அயர்லாந்து வானொலியில் எங்கள் ஏலேலோ போனது. கடைசியில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் “வந்துட்டேங்க” என்று கத்துவதும் போனது. கணேசன் அதை ஊருக்கு நாடா எடுத்து அனுப்பினார்.

தட்டு அச்சாக முன் டோனல் எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்தான். ஜெனி நடுவில் நின்று சொன்னாள். பாட்டுக் கட்டியவர் என்று என் பெயரையும் சேர்த்துப் போடட்டுமா என்று கேட்டான்.

“வேண்டாம் எண்டு சொல்லு. அம்பா ஒருத்தன்ர இல்லை. கயித்தில கை வைச்ச ஆக்கள் எல்லாருக்கும் பங்கு.”

அவன், மொத்தம் எத்தனை பேர் பிடித்தார்கள் என்று கேட்டான்.

எனக்குத் தெரியாது. முன்னால் பார்த்து இழுத்தவன் பின்னால் எண்ணுவதில்லை. றீற்றாவைக் கூப்பிட்டேன்.

“நாப்பத்தாறு” என்றாள்.

“வடிவாத் தெரியுமோ?”

“கட்லட் குடுத்தவள் நானெல்லே. கன்னியாஸ்திரியின்ர ரெண்டாவதை விட்டு.”

சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனாள். பாதியில் திரும்பி வந்தாள்.

“கணேசனை விட்டிட்டன். அவர் இழுக்கேல்லை. ஆனா வலைக்கும் ஒரு பங்கு இருக்கல்லோ.”

ஜெனி போனில் சொன்னாள்.

தட்டு வந்தபோது பின் அட்டையை அவள்தான் வாசித்துக் காட்டினாள். மாமனின் பெயர் இருந்தது. லண்டன் செங்கல்காரர் பெயர் இருந்தது. ஃபோர்மன் பெயரும் என் பெயரும் ஒரே வரியில் இருந்தன. தான் பாட்டுப் பழகிய இடங்கள் என்று போட்டிருந்தானாம். அதற்குக் கீழே, கயிறு பிடித்தவர்கள் என்று ஒரு வரி. பெயர் ஒன்றும் இல்லை.

நாற்பத்தேழு.